மூன்று வேளை தானியமும் சுத்தமான லாயமும் போதுமா? குதிரைப் பராமரிப்பு பற்றிய விவாத இழை

மார்ச் 2, காலை: ஒரு வாசகரின் கருத்து

“குதிரை வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஏதோ பெரிய வித்தை போல ஆக்கிவிடுகிறார்கள். மூன்று வேளை நல்ல தானியம், கூட்டிப் பெருக்கிய லாயம், நாள்தோறும் உடம்பைத் தேய்த்துவிடுதல், மாதம் ஒரு முறை லாடம். இவற்றைத் தவறாமல் செய்தால் குதிரை நன்றாகவே இருக்கும். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.”

மார்ச் 2, இரவு

இதற்கு மேல் புல் இருக்கிறது. உங்கள் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை.

குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். மேய விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை குனிந்த தலை நிமிராமல் மேயும் பிராணி அது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கேற்பத்தான் அதன் வயிறும் குடலும் அமைந்திருக்கின்றன. இரைப்பையில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போதுதான் பெருகும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்கக் குதிரைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும், ஒரு கிலோ ஓட்ஸோ பத்தே நிமிடத்தில் காலியாகிவிடும். ஆக, மூன்று வேளையும் தானியத்தை வைத்துவிட்டு இடைப்பட்ட நேரமெல்லாம் வெறும் தொட்டியின் முன்னால் நிற்க வைத்தால், அமிலம் இரைப்பையின் மேற்பகுதிச் சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது. பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பது உள்நோக்கிக் கருவியால் பார்த்து உறுதி செய்யப்பட்ட விஷயம்.

தானியத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்தாக வேண்டும். ஒரே வேளையில் அளவு மீறினால் செரிக்காத பகுதி பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அங்கே நாரைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது; வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் பல நேரங்களில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளையில் இரண்டு கிலோவுக்கு மேல் தானியம் வைக்காதிருப்பது நல்லது. வேலை குறைந்த குதிரைக்குத் தானியமே தேவைப்படாமலும் போகலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நாள் ஒன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை காய்ந்த புல் அல்லது அதற்கு ஈடான மேய்ச்சல்: இதை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு மற்றதைப் பேசலாம். தேய்ப்பதையும் பெருக்குவதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வசதிக்காகக் குதிரையின் ஒரு நாளை மூன்று வேளையாக வெட்டி வைத்துவிட்டு, பிறகு அதனால் வரும் நோய்களுக்கு மருந்து தேடுகிறோம் என்பதுதான் என் வாதம்.

மார்ச் 3

எடைமேடை இல்லாமல் இரண்டு விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாடா போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் தோள்மேட்டைச் சுற்றி நெஞ்சின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. அந்தக் குதிரைக்கு நாளுக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த புல். இது தோராயக் கணக்குதான். சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் பொருந்தாது.

புல்லைக் கண்ணளவில் அள்ளிப் போடாமல் தராசில் தூக்கி நிறுத்துப் பாருங்கள். ஒரே பருமனுள்ள இரண்டு கட்டுகள் எடையில் எவ்வளவு வேறுபடும் என்பது நிறுத்துப் பார்க்கும்வரை நம்ப முடியாது.

மார்ச் 5

மார்ச் 2 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அதை ஒருவர் “புல்லைக் குவித்து வைத்துவிட்டுப் போ” என்று புரிந்துகொள்ளக்கூடும் எனத் தோன்றியது. எனவே ஒரு வரம்பு.

சில மட்டக் குதிரைகளும் சில இனங்களும் காற்றைக் குடித்தே கொழுப்பவை. அவற்றின் கழுத்தின் மேல்விளிம்பு தடித்து உறுதியாகிவிடும், வாலின் அடிப்புறம் மெத்தென்று கொழுப்பு சேரும். இவற்றுக்குத் தளதளவென்ற இளம்புல்லே ஆபத்து. அதிலுள்ள சர்க்கரை இன்சுலினை ஏற்றி, குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மென்திசுவைப் புண்ணாக்கிவிடும்; முன்பு சொன்ன குளம்பு அழற்சி இதுதான். அப்படிப்பட்ட குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் சாய்த்துக்கொண்டு நிற்கும்; குளம்பில் சூடு தெரியும்; கணுவுக்குக் கீழே விரல் வைத்தால் நாடி அடித்துத் துடிக்கும். அந்த நிலையைக் கண்டால் அதே மணி நேரத்தில் மருத்துவரை அழைக்க வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

அதனால் இவற்றைப் பட்டினி போட வேண்டுமா என்றால், கூடாது. சர்க்கரை குறைந்த முதிர்ந்த புல்லை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, சிறு கண்ணுள்ள வலைப்பையில் வைத்து, மெல்லும் நேரத்தை நீட்டிக்கொண்டே அளவைக் குறைக்க வேண்டும். திடீரெனப் பட்டினி போட்டால், குறிப்பாகக் கொழுத்த மட்டக் குதிரைக்கு, உடல் கொழுப்பு ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும்.

விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் உடல் அளவாக இருக்கிறது என்று கொள்ளலாம். குதிரையின் உடல் மெலிவையும் கொழுப்பையும் மதிப்பிட 1983-ல் அமெரிக்க ஆய்வாளர் ஹெனெக்கி வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோலில் அதுதான் நடுவில் இருக்கும் 5. கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்; அடர்ந்த ரோமம் மெலிவை முழுக்க மறைத்துவிடும்.

மார்ச் 6

வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் தன் குதிரை கடிக்க வருகிறது, குணம் கெட்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குணமறிந்துதான் குதிரைக்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். பல்லை மட்டும் ஏன் கொடுத்தார்கள் என்று உங்கள் தோளைக் கேட்டால் தெரியும். ஆனால் குணத்தைப் பழிப்பதற்கு முன் சேணம் பொருந்துகிறதா, இரைப்பைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே இதே இடத்தில்தான் வெளிப்படும்.

மார்ச் 9

குளம்பு. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தே தள்ளிப்போட்டேன்.

குளம்பைக் குடைந்து சுத்தம் செய்வதை நான் அழுக்கெடுக்கும் வேலையாக நினைப்பதில்லை. காலை ஏந்திக் கையில் வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அந்தக் கால் நமக்குத் தன் நிலையைச் சொல்லும் நேரம். கொக்கியைக் குதிகாலிலிருந்து முனையை நோக்கி இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் நடுவிலிருக்கும் முக்கோண மெத்தையில் குத்திவிடும். அந்த மெத்தையின் இரு பக்கப் பள்ளங்களிலும் மண்ணும் லத்தியும் கல் போல இறுகியிருக்கும்; அது பெயர்ந்து விழுந்ததும் உள்ளே இருக்கும் நிறத்தைப் பாருங்கள், பிறகு முகர்ந்தும் பாருங்கள். ஆரோக்கியமான குளம்புக்கு ஈரமண் போன்ற ஒரு மந்தமான வாசனைதான் உண்டு. கறுத்த கசிவும், ஒரு முறை முகர்ந்தால் நாள் முழுவதும் மூக்கைவிட்டுப் போகாத அழுகல் நாற்றமும் இருந்தால் அங்கே அழுகல் நோய் பிடித்திருக்கிறது. ஈரமான படுக்கைதான் பெரும்பாலும் காரணம்; மருந்து தடவிவிட்டு மீண்டும் அதே ஈரத்தில் நிற்க வைப்பதில் பயனில்லை.

அடியில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கிவிடத் தோன்றும். மேலும் உள்ளே ஏறும் அபாயம் இல்லையென்றால் மருத்துவர் வரும்வரை விட்டுவைப்பது நல்லது. எக்ஸ்ரேயில் அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடுங்கியே ஆக வேண்டியிருந்தால் ஏறிய இடத்தை மையால் குறித்து வையுங்கள், துளை மூடிக்கொண்டால் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. ரண ஜன்னிக்குக் குதிரை மிக எளிதில் ஆளாகும் பிராணி. மற்ற தடுப்பூசிகள் நோய்ச் சூழலுக்கேற்ப மாறலாம், இந்த ஒன்றை மட்டும் எந்தக் குதிரைக்கும் விடக் கூடாது.

மார்ச் 10

நேற்று விட்டுப்போனது: முதல் பதிவில் இருந்த “மாதம் ஒரு முறை லாடம்”. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். பெரும்பாலான குதிரைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டிச் சீர்செய்தால் போதும். லாடம் இல்லாத குதிரைக்கும் இந்த வெட்டு தேவை. லாடம் வேண்டுமா என்பது குதிரையின் வேலை, நடக்கும் தரை, குளம்பின் தரம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் கொள்கையாக மாறிவிட்ட சண்டைகளில் நான் இறங்குவதாக இல்லை.

மார்ச் 14

வயிற்றுவலியைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

வலி வந்த குதிரை எப்போதும் புரண்டு கதறும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் லாயத்தின் வயதான ஆண் குதிரைக்கு வலி வரும்போது அது செய்வதெல்லாம் மேல் உதட்டைச் சுருட்டிக் கொள்வதும், தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்ப்பதும்தான். தீனித் தொட்டியில் புல் தொடப்படாமல் கிடக்கும். புதிதாக வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு “சிரிக்கிறது” என்றார். சில குதிரைகள் முன்காலால் தரையைச் சுரண்டும், சில வியர்க்கும், சில படுத்து எழுந்து படுத்து எழுந்து அலையும். லத்தி வழக்கத்தைவிடக் குறைவாகவோ, உலர்ந்து சளி படிந்தோ இருந்தாலும் அதை அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

மருத்துவரை அழைக்கும்போது “ஏதோ போல இருக்கிறது” என்று சொல்வதைவிட எண்களைச் சொன்னால் அவர் எவ்வளவு விரைய வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தாடையெலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நாளத்தில் விரலை வைத்தும் துடிப்பை எண்ணலாம். மேல் ஈறைக் கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். பிறகு காதை விலாவில் ஒட்டிக் கேளுங்கள். குடலின் இரைச்சல் எப்போதும் இருக்க வேண்டிய ஒன்று. நிசப்தம்தான் பயப்பட வேண்டியது.

இந்த எண்கள் எல்லாக் குதிரைகளுக்கும் பொதுவானவை. உங்கள் குதிரையின் சொந்த எண்களை அது நன்றாக இருக்கும் நாட்களிலேயே எடுத்து லாயத்துக் கதவில் எழுதி வையுங்கள். எப்போதும் 30 துடிக்கும் குதிரைக்கு 44 என்பது நல்ல செய்தி ஆகாது.

மார்ச் 15

“வலி வந்தால் விடியும்வரை நடத்த வேண்டும் என்பார்களே?” என்று கேட்டவருக்கு: லேசான நடை சில நேரம் உதவும், குதிரையின் கவனத்தையும் திருப்பும். ஆனால் அமைதியாகப் படுத்திருக்கும் குதிரையை எழுப்பி மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு அலைவது அதன் தெம்பைத்தான் குறைக்கும். முரட்டுத்தனமாகப் புரண்டு சுவரில் மோதிக்கொள்கிறது என்றால் நடத்துங்கள், அதுவும் உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை. தீனியை எடுத்துவிடுங்கள். கையிலிருக்கும் வலி மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அவர் வந்து பார்க்க வேண்டிய அறிகுறியையே அது மறைத்துவிடும்.

மார்ச் 19

பல். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்லுவதால் அதே அளவு தேய வேண்டும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல் என்பதால் மேற்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் தேயாமல் கூர்மையாகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை வாயைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் அரத்தால் ராவிச் சமன்செய்ய வேண்டும். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தொட்டியடியில் கிடந்தாலோ, கடிவாளத்துக்குத் தலையை உதறினாலோ ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம். தீனியை எவ்வளவு கூட்டினாலும் உடம்பு தேறாத கிழக் குதிரைகளில் பலவற்றுக்கு வாயில்தான் கோளாறு இருக்கும்.

மார்ச் 23

வேலை முடிந்து வியர்த்து நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது என்ற நம்பிக்கை இந்த இழையிலும் தலைகாட்டிவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கடும் வெயிலில் நடக்கப்போகிறது என்பதால் அதற்கு முன்பு இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார்கள். சூடேறிய குதிரையின் உடல் முழுவதும் குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது பாதுகாப்பானது மட்டுமல்லாமல் மிக விரைவாகப் பலன் தருவது என்பதும் அப்போது உறுதியானது. ஈரத் துணியைப் போர்த்தி விடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

குடிக்கவும் கொடுங்கள். கடுமையாக உழைக்கும் குதிரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். அதன் வியர்வையில் உப்பு மிகுதி; நீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறாமல், வறண்டுபோன குதிரைக்குத் தாகமே தெரியாமல் போகலாம். ஆகவே “தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை, தேவையில்லை போலும்” என்ற முடிவுக்கு வராதீர்கள். உப்பைத் தீனியில் சேர்த்தால் தாகம் திரும்பும்.

வேலையில்லாத நாளிலும் ஒரு குதிரை 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயில் ஏறினால் அது இரு மடங்காகும். தானியங்கித் தொட்டி வசதியானது என்றாலும், நான் வாளியைத்தான் விரும்புகிறேன்; எவ்வளவு குடித்தது என்பது வாளியில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஏப்ரல் 2

குடற்புழு மருந்தை நாட்காட்டி பார்த்து எல்லாக் குதிரைக்கும் ஒன்றாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மந்தையிலுள்ள புழு முட்டைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை 20 விழுக்காடு குதிரைகளே வெளியிடுகின்றன. லத்தியில் முட்டைகளை எண்ணிப் பார்த்து, மிகுதியாக வெளியிடும் குதிரைக்கு மட்டும் கூடுதலாக மருந்து கொடுத்தால், மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகுவதைத் தள்ளிப்போடலாம். மேய்ச்சல் நிலத்திலிருந்து வாரம் இரு முறை லத்தியை அள்ளுவது எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

ஏப்ரல் 3

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்: முட்டை எண்ணிக்கை சுழியமாக இருந்தால் புழுவே இல்லை என்று பொருளாகாது. குடல் சுவருக்குள் உறங்கும் இளம் புழுக்கள் முட்டையிடுவதில்லை, நாடாப்புழுவின் முட்டைகள் பல நேரம் எண்ணிக்கையில் சிக்குவதுமில்லை. குட்டிகளுக்கு வேறு அட்டவணை. இந்த முடிவுகளை மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள்.

ஏப்ரல் 6

குதிரை நின்றபடியே தூங்கும் என்பதால் லாயத்தில் படுக்க இடம் வேண்டியதில்லை என்று ஒரு பதிவு. நின்றபடி அது கண்ணயரும், உண்மைதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். அந்த உறக்கம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தேவைப்படும், ஆனால் பல நாட்கள் கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கிச் சரியும். முன்காலின் கணுவில் முன்பக்கம் சிராய்ப்பு இருந்தால் இதையும் சந்தேகியுங்கள்.

படுக்க இடம் மட்டும் போதாது, துணையும் வேண்டும். கண்காணிக்க இன்னொரு குதிரை இல்லாத இடத்தில் சில குதிரைகள் படுக்கவே துணியா. எங்களிடம் வந்த ஒரு பெட்டைக் குதிரை, மேல் பற்களைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, கழுத்தை வளைத்து, ஏப்பம் விடுவது போன்ற ஓசையோடு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பல்லின் முன்விளிம்பு சாய்வாகத் தேய்ந்துவிட்டிருந்தது. கழுத்துப் பட்டை கட்டி அதைத் தடுக்கச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அதை மற்றொரு குதிரையோடு வெளியே விட்டு, இரவிலும் புல் தீராமல் பார்த்துக்கொண்டோம். பழக்கம் முழுவதுமாகப் போகவில்லை, வேரோடிய பழக்கம் போவதில்லை. ஆனால் தானியம் வைத்த பிறகான ஒரு பொழுதுக்கு அது சுருங்கிவிட்டது.

ஏப்ரல் 11

கோதுமைத் தவிட்டுக் கூழைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: எப்போதாவது கொடுப்பதால் பெரிய கேடில்லை, அன்றாடத் தீனியாக்கினால் கேடு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. ஈடுகட்ட எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, நாளடைவில் முக எலும்பு வீங்கிவிடும்.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் மிஞ்சியிருக்கிறதென்று குதிரைக்கு வைக்கவே வைக்காதீர்கள். அவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் மாட்டுக்கு நன்மை செய்யும் மருந்து, குதிரைக்கோ மிகச் சிறு அளவிலேயே இதயத் தசையை அழிக்கும் நஞ்சு. மாற்று மருந்தும் கிடையாது.

ஏப்ரல் 15

இழையைத் தொடங்கியவர் திரும்ப வந்து, தானியத்தைக் குறைத்துவிட்டதாகவும், இரவுக்கு வலைப்பையில் புல் கட்டப்போவதாகவும், எந்த உயரத்தில் கட்டுவது என்றும் கேட்டிருக்கிறார்.

நிரம்பிய பையைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யாதீர்கள். காலியானதும் அது நீண்டு தொங்கும். காலியான பையின் அடிப்பகுதி குதிரையின் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுரண்டும் கால் அதில் சிக்கும், லாடம் அடித்த கால் கட்டாயம் சிக்கும். கண்ணுக்கு மேலேயும் ஏற்றாதீர்கள், தூசியும் துரும்பும் கண்ணிலும் மூக்கிலும் கொட்டும். இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, அதை அறுபடக்கூடிய ஒரு சணல் கயிற்று வளையத்தில் மாட்டுங்கள். முதல் சில இரவுகளுக்குப் பாதிப் புல்லைத் தரையிலேயே போட்டு வையுங்கள், வலையிலிருந்து உருவத் தெரியாத குதிரை கோபத்தில் பையையே கிழித்துவிடும். தானியத்தை ஒரே நாளில் குறைத்திருந்தால், இனி எந்த மாற்றத்தையும் பத்து நாட்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள்.